கணக்கில் பிறந்தது எழுத்து

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரை நல்கிய நூலகர் அவர்களே, வர்த்தகர் சங்கப் பொறுப்பாளர்களே, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, அவர் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கும் மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கு ஒரு தனி நன்றி சொல்லியாக வேண்டும். நூலகத்தின் மேற்குச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்குகிறது, அடித்தட்டுப் புத்தகங்கள் பூஞ்சணம் பிடிக்கின்றன என்று வாசகர் வட்டம் மனுக் கொடுத்தது. அடுத்த மழைக்குள் தளத்தைப் பூசிக் கொடுத்துவிட்டார். சுவர் காய்ந்திருப்பதை உள்ளே வரும்போது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். இந்த ஒலிபெருக்கியையும் பந்தலையும் வாடகை வாங்காமல் போட்டுக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இந்த நூலகத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைக்கும் சகோதரிக்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அணிவிக்க ஆசைப்படுகிறேன். அம்மா, மேலே வாருங்கள். (கைதட்டல்)

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘ஆதி நாகரிகங்களில் எழுத்தின் தோற்றமும் வளர்ச்சியும்’. சுமேரியா, எகிப்து, சீனா, மாயர் நாடு என்று நான்கு நிலங்களைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எழுத்து எதற்காகப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போகாமல் தடுக்கப்பட்டது, இந்த நான்கையும் பார்ப்போம்.

‘எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்.’ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே நம் காதில் விழுந்த வாக்கு. இதில் எழுத்துக்கு முன்னால் எண் நிற்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஈராக்கின் தெற்கே நடந்ததும் அந்த வரிசையில்தான். முதலில் எண் வந்தது. அதன் விரலைப் பிடித்துக்கொண்டு எழுத்து வந்தது.

இன்றைக்கு அந்த இடத்துக்கு வர்க்கா என்று பெயர். சமாவா நகருக்குக் கிழக்கே, ஆள் அரவமில்லாத மண்மேடு. அந்தக் காலத்தில் அது சுமேரியாவின் உருக் நகரம். யூப்ரடீஸ் ஆறு அப்போது பக்கத்தில் ஓடியது. பின்னாளில் ஆறு விலகிப் போக, ஊர் பாழானது. 1912-ல் ஜெர்மானியர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். ஏயன்னா என்ற கோயில் வளாகத்தின் குப்பை மேட்டிலிருந்தும், தளத்துக்கு அடியில் கொட்டி நிரப்பிய மண்ணிலிருந்தும் களிமண் பலகைகள் வந்தன. முழுப் பலகையும் துண்டுமாகச் சேர்த்து ஏறக்குறைய 5,000. காலம் கி.மு. 3300-ஐ ஒட்டி. மனிதர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தொகுதிகளில் அது முதல் வரிசையில் வைக்க வேண்டியது.

அந்தப் பலகைகளில் என்ன எழுதியிருந்தது? சாமி பாட்டு இல்லை. ராஜா வீரம் இல்லை. காதல் இல்லை. இத்தனை ஆடு வந்தது, இத்தனை மூட்டை வாற்கோதுமை போனது, இன்னாருக்கு இத்தனை கிண்ணம் கூலி, இத்தனை ஜாடி பீர், இத்தனை துணி. பத்தில் எட்டுக்கு மேல் கணக்குதான். மிச்சமிருப்பது, கணக்கெழுதப் பழகும் பிள்ளைகளுக்காகத் தொழில்களின் பெயர், மரங்களின் பெயர், பாத்திரங்களின் பெயர், மீன்களின் பெயர் என்று போட்டுவைத்த பட்டியல். பாட்டும் கதையும் களிமண்ணில் ஏற இன்னும் 700 ஆண்டு போக வேண்டியிருந்தது. அத்தனை தலைமுறையும் எழுத்து கணக்குப்பிள்ளை கையில் வளர்ந்தது.

ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஈரக் களிமண்ணைத் தட்டி, நாணல் குச்சியின் உருண்டை முனையைச் சாய்த்து அழுத்தினால் நகம் பதிந்ததுபோல ஒரு குழி விழும். அது ஒன்று. அதே குச்சியை நேராக நிறுத்தி அழுத்தினால் வட்டம். அது பத்து. தடித்த குச்சியைச் சாய்த்து அழுத்தினால் அறுபது, நேராக அழுத்தினால் 3,600. கடிகாரத்தில் நிமிடத்தை நாம் இன்றும் அறுபதாக எண்ணுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆட்டை எண்ணும்போது பத்தாக நிற்கும் அந்தச் சின்ன வட்டம், வாற்கோதுமை அளக்கும்போது ஆறு மடங்கைக் குறிக்கும். நம் ஊரில் நெல்லுக்கு மரக்கால், பொன்னுக்குக் குன்றிமணி என்று பொருளுக்கொரு அளவை இருந்ததுபோல அவர்களிடம் ஒரு டஜன் எண் முறைகள் இருந்தன. இதைப் பிரித்துக் கண்டுபிடிக்கப் பெர்லினில் நிஸ்ஸன், டாமரோவ், எங்லண்ட் என்ற மூன்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். பலகையின் முன்பக்கம் இருக்கும் தொகைகளைக் கூட்டினால் பின்பக்கத்து மொத்தத்தோடு பொருந்த வேண்டும். எந்த முறையில் கூட்டினால் பொருந்துகிறதோ அதுவே அந்தப் பொருளின் அளவை.

அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 29,086 அளவை வாற்கோதுமை, 37 மாதம், ‘குஷிம்’ என்று இருக்கிறது. குஷிம் என்பது ஆள் பெயரா, பதவிப் பெயரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஆள் பெயர்தான் என்றால், உலகத்தில் எழுத்தில் பதிவான மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு தானியக் கிடங்குக் கணக்கருடையது. அரசர்களெல்லாம் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் வர்த்தகர் சங்கத்தாரும், ரேஷன் கடையில் பில் போடும் தம்பியும், வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும். (கைதட்டல்)

அப்படியென்றால் பலகைக்கு முன்னால் என்ன இருந்தது? இங்கே ஒரு கோழிக் கதை சொல்ல வேண்டும். பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஈராக்கின் வடக்கே கிர்க்கூக் நகருக்குப் பக்கத்தில் நூஸி என்று ஒரு பழைய ஊர். 1920-களின் கடைசியில் அமெரிக்கக் குழு ஒன்று அங்கே அகழாய்வு செய்தது. தோண்டுகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! கூடாரத்தில் வேலை செய்த ஓர் ஆளைக் கோழி வாங்கிவர அனுப்பினார்கள். அவர் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர், எண்ணத் தெரியாது. சந்தைக்குப் போனார், வாங்கினார், திரும்பி வந்தார். வந்தவர் கையிலிருந்து கோழிகளை வாங்கி எண்ணிக்கொள்வதற்குள் யாரோ அவற்றை முற்றத்தில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். முற்றத்தில் ஏற்கெனவே வேறு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. கோழி கலந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். ஒன்று கூரை மேல் ஏறும், ஒன்று குதிருக்கு அடியில் போகும், ஒன்று அடுத்த வீட்டுக்குப் போய் அங்கேயே முட்டையிடும்.

இப்போது அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். எத்தனை கோழி வாங்கினாய் என்று கேட்கிறார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எண் தெரியாதவரிடம் எண்ணைக் கேட்டால் எங்கே போவார்? குழுவில் இருந்தவர்கள் பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள். நாலாயிரம் வருஷத்துக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள், நாலு நாழிகைக்கு முந்திய கணக்குத் தெரியாமல் நிற்கிறார்கள். அந்த மனிதர் நிதானமாக ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லை எடுத்துக் காட்டினார் என்று சொல்கிறார்கள். ஒரு கோழிக்கு ஒரு கல் என்று வாங்கும்போதே ஒதுக்கி வைத்திருந்தார். கல்லை எண்ணினார்கள், காசு கொடுத்தார்கள். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இது சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை. அதே நூஸியில், அதே அகழாய்வில், முட்டை வடிவத்தில் உள்ளே பொள்ளலான ஒரு களிமண் உருண்டை கிடைத்தது. அதன் மேல் ஆப்பு வடிவ எழுத்தில் ஒரு பட்டியல்: குட்டி போட்ட செம்மறி இத்தனை, பெட்டைக் குட்டி இத்தனை, கிடா இத்தனை, வெள்ளாடு இத்தனை. கீழே மேய்ப்பருடைய முத்திரை. அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கற்கள், ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக. பட்டியலில் எத்தனை ஆடோ அத்தனை கல். எழுதத் தெரிந்த கணக்கருக்கு வெளியே எழுத்து. எழுதத் தெரியாத மேய்ப்பருக்கு உள்ளே கல். இருவரும் ஒரே கணக்கை அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆடு காணாமல் போனால் மேய்ப்பர் மேல் அநியாயமாகப் பழி விழாது. படிக்காதவனையும் ஏமாற்ற முடியாத ஒரு பத்திரம் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் இருந்திருக்கிறது! ஆப்பன்ஹைம் என்ற அறிஞர் 1959-ல் இதன் பொருளை விளக்கினார். ஆனால் அந்தக் கற்கள் இன்றைக்கு இல்லை. தோண்டி எடுத்த பிறகு எங்கேயோ தொலைந்துவிட்டன. மண்ணுக்குள் பத்திரமாக இருந்தவை மனிதர் கைக்கு வந்து தொலைந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அந்த உருண்டையைப் பார்த்து மேலே போனவர் டெனிஸ் ஷ்மான்ட்-பெஸ்ஸெராட் என்ற பிரெஞ்சு நாட்டு அம்மையார், டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை. மேற்காசியாவில் எங்கே தோண்டினாலும் கூம்பு, கோளம், வட்டு என்று சுண்டைக்காய் அளவில் களிமண் வில்லைகள் கிடைக்கும். விளையாட்டுச் சாமான், தாயத்து என்று எதையாவது எழுதி அருங்காட்சியகங்கள் பெட்டியில் போட்டு வைத்திருந்தன. இவர் நாடு நாடாகப் போய் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பத்தாயிரம் ஆண்டுக்கு முன்னாலிருந்தே, வேளாண்மை தொடங்கிய காலத்திலிருந்தே, அவை கணக்குக் காய்கள் என்றார். ஈரானில் சூசா என்ற ஊரில் இந்தக் காய்களைக் களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி முத்திரை போட்டிருக்கிறார்கள். மூடிவிட்டால் உள்ளே எத்தனை என்று தெரியாதே! அதற்காக, மூடுமுன் ஒவ்வொரு காயையும் உருண்டையின் வெளிப்புறத்தில் அழுத்திப் பதித்தார்கள். வெளியே பதிவு வந்த பிறகு உள்ளே காய் எதற்கு? உருண்டை தட்டையானது, பலகையானது. காய்களின் எல்லா வடிவங்களும் எழுத்துகளாக மாறின என்ற அவர் வாதத்தை எல்லோரும் ஒப்பவில்லை. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. எண் குறிகள் அழுத்திய காயிலிருந்து வந்தன என்பதை மறுப்பவர்கள் குறைவு.

எண் வந்தாயிற்று, எழுத்து எப்படி வந்தது? ஆட்டை வரையலாம், கிண்ணத்தை வரையலாம். தலைக்குப் பக்கத்தில் கிண்ணம் போட்டால் ‘உண்’ என்றும் காட்டலாம். ஆளின் பெயரை எப்படி வரைவது? உயிர் என்பதை எப்படி வரைவது? சுமேரிய மொழியில் அம்புக்கு ‘தி’ என்று பெயர். உயிருக்கும் ‘தி’ என்றே ஒலி. அம்பை வரைந்து உயிர் என்று படித்தார்கள். நாம் ஓடுகிற ஆற்றை வரைந்துவிட்டு, அதை ஐந்துக்கு அடுத்த எண்ணாகப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் படம் தன் பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு உலகில் எதையும் எழுதலாம். ஈரமண்ணில் வளைகோடு இழுத்தால் மண் பிசிறும். நாணலின் மூலையைக் குத்தி எடுப்பது சுலபம். படங்கள் உடைந்து ஆப்புகளாயின. கி.மு. 2300 வாக்கில் ‘ஊர்’ என்ற பெயருள்ள சுமேரிய நகரத்துச் சந்திரன் கோயில் பூசாரினி, அரசர் சார்கோனின் மகள் என்ஹெடுவன்னா பெயரில் பாடல்கள் நிற்கின்றன. பெயர் தெரிந்த முதல் கவிஞர் ஒரு பெண். கடைசி ஆப்பெழுத்துப் பலகை கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய வானியல் குறிப்பு. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஓர் எழுத்து ஆட்சி செய்தது.

எகிப்துக்கு வருவோம். அபைடாஸ் என்ற இடத்தில், யு-ஜே என்று எண்ணிட்ட கல்லறையை 1988-ல் குந்தர் டிரையர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். கி.மு. 3200-ஐ ஒட்டியது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய எலும்புச் சில்லுகளும் தந்தச் சில்லுகளும் 150-க்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஓட்டை. சரக்கில் கட்டித் தொங்கவிட்ட சீட்டுகள் அவை. சிலவற்றில் எண் மட்டும், சிலவற்றில் பறவை, யானை, மலை. எந்த ஊரிலிருந்து வந்த சரக்கு என்பதற்கான குறி. பிரமிடு கட்டுவதற்கு அறுநூறு ஆண்டு முன்னால் எகிப்துக்காரன் மூட்டைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கேயும் எண்ணும் எழுத்தும் சேர்ந்தே நின்றன.

சீனத்தில் கதை வேறு. அன்யாங்கில் கிடைத்த ஷாங் அரசர்களின் எலும்பெழுத்து, முன்னோரிடம் கேட்ட கேள்விகள். மழை வருமா, வேட்டை கிடைக்குமா, பல்வலி யார் சாபம், அரசி ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடி ஆகுமா என்று மாட்டுத் தோள் எலும்பிலும் ஆமையின் வயிற்று ஓட்டிலும் கீறி வைத்தார்கள். கணக்கு எழுதியிருந்தாலும் மூங்கிலிலோ பட்டிலோ எழுதி அது மக்கிப்போயிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அழுத்திச் சொல்ல வருவது இன்னொன்று. இந்த எலும்புகளை ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக்கடையில் விற்றார்கள். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அரைத்துப் போட்டார்கள். 1899-ல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்ணில் அதன் மேலிருந்த எழுத்து பட்டது. அதற்கு முன்னால் எத்தனை எலும்பு அம்மியில் பொடியானதோ! மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனின் கேள்வியை அரைத்துக் குடித்துவிட்டு, காய்ச்சல் நின்றதா என்று பார்த்திருக்கிறார்கள்.

மாயர் நாட்டுக்கு வந்தால் நெஞ்சு கொதிக்கிறது. மெக்சிகோவின் யுகாட்டன் பகுதியில், மானி என்ற ஊரில், 1562-ல் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயர்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். பேயின் பொய்கள் தவிர அதில் வேறொன்றும் இல்லை, அதனால் எல்லாவற்றையும் எரித்தோம், அந்த மக்கள் மிகவும் வருந்தினார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாகரிகத்தின் நூல்களில் இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியவை நான்கு. அதே பாதிரியார் எழுதி வைத்த அரைகுறை எழுத்துப் பட்டியலைக் கொண்டுதான் 1952-ல் சோவியத் நாட்டு யூரி க்னோரசோவ் மாய எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். வழி திறந்தபோது அந்த நான்கைத் தவிரப் படிக்க ஏடு இல்லை. மற்றபடி கல்லில் வெட்டியதும் பானையில் தீட்டியதும்தான் மிச்சம்.

எரிப்பது என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்கிறேன். கி.மு. 612-ல் அசிரியர்களின் தலைநகர் நினிவே தீக்கிரையானது. அங்கே அசூர்பனிபால் அரசரின் நூலகம் இருந்தது. இன்றைக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதிலிருந்து வந்த பலகைகளும் துண்டுகளுமாக முப்பதாயிரம் இருக்கின்றன. தீப்பிடித்த நூலகம் எப்படித் தப்பியது? பலகை களிமண். தீ அதைச் சுட்டது, சுட்டதும் செங்கல்லாக இறுகியது. எதிரி வைத்த நெருப்பே காவல் காத்தது. பெரியோர்களே, நம் வீட்டுப் பரணில் இருப்பது களிமண் இல்லை. ஓலையும் காகிதமும்.

இன்னும் இரண்டு மாதத்தில் போகி வருகிறது. நான் எங்கே போனாலும், யார் கூப்பிட்டாலும், என்ன தலைப்புக் கொடுத்தாலும் இதைத்தான் சொல்லி வருகிறேன். போகிக்குப் பழைய பாயை எரியுங்கள், முறத்தை எரியுங்கள், டயரை எரிக்காதீர்கள். எழுதிய ஒரு காகிதத்தையும் எரிக்காதீர்கள். தாத்தாவின் கணக்கு நோட்டு, பாட்டியின் சீட்டுப் புத்தகம், பழைய அடமானப் பத்திரம், தோட்டத்துக் கூலி நோட்டு, கல்யாண மொய் நோட்டு, ஓலைக் கட்டு எதுவானாலும் நெருப்பில் போடாதீர்கள். போகி நெருப்பிலும் ஆடிப்பெருக்கு வெள்ளத்திலும் நம் முன்னோர் போட்ட ஏடுகள் போதும்.

‘எங்கள் வீட்டு மளிகைக் கணக்கில் என்ன சார் வரலாறு?’ என்று கேட்பார்கள். உருக்கின் குப்பை மேட்டில் கிடந்தது மளிகைக் கணக்குதானே! தமிழர் கதையிலேயே சொல்கிறேன். செங்கடல் ஓரம், எகிப்தின் குசேர் அல் கதீம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு ஜாடியின் உடைந்த ஓடு கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமை. அதில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று இருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிட்ட பானை! அவ்வளவுதான் செய்தி. அந்த ஒரு சொல் போதும், நம் ஆள் அங்கே போய்ப் பொங்கித் தின்று வாழ்ந்திருக்கிறான் என்பதற்கு. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் சேர நாட்டு முசிறித் துறைமுக வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்குக் கணக்கு. யானைத் தந்தம் எவ்வளவு என்பதுகூட அதில் வருகிறது. முசிறியின் பொன்னும் மிளகும் சங்கப் பாட்டில் இருக்கின்றன. கடன் பத்திரமும் நிறுவையும் இந்தத் தாளில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் முசிறி முழுதாகத் தெரியும்.

சிந்துவெளியைப் பாருங்கள். நானூறு வாக்கில் குறிகள். முத்திரை ஒன்றில் சராசரியாக ஐந்து குறி. அதை வாசித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். நூறு ஆண்டு கடந்தும் வாசிக்க முடியாததற்கு ஒரு பெரிய காரணம், நீளமான எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை என்பது. அவர்கள் மக்கிப்போகும் பொருளில் கணக்கெழுதியிருந்தால், அந்தக் கணக்கு போன இடத்தில் அவர்கள் மொழியும் போயிற்று.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1980 நவம்பரில், ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி தண்டிய மணியம் என்ற பதவிகள் ஒழிந்தன. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. பல கணக்குப்பிள்ளை வீடுகளில் அவர்கள் சொந்தமாக வைத்திருந்த ஏடுகளும் சிட்டைகளும் பரணில் தங்கின. மகன் சென்னைக்குப் போனான், பேரன் அமெரிக்காவுக்குப் போனான், வீடு விலைக்குப் போனது. சில ஆண்டுக்கு முன் பழைய பேப்பர் கடை ஒன்றில் தராசில் கிடந்த ஒரு பேரேட்டை நான் கிலோ விலைக்கு வாங்கினேன். சிவப்புத் துணி அட்டை. முதல் பக்கத்தில் உ, அதன் கீழே லாபம், யுவ வருஷம், அதாவது 1935. கருப்பட்டி, மண்ணெண்ணெய், உப்பு, சுருட்டு என்று சரக்கு. அரையும் காலும் மாகாணியும் பழைய தமிழ்க் குறியில். ஒரு பக்கத்தில் பங்குனி மாதம் வெள்ளித் தண்டை ஒன்றை ஈடாக வைத்து ஒரு பெண் மூன்று ரூபாய் வாங்கியிருக்கிறாள். ஐப்பசி வரை வட்டி வரவு இருக்கிறது, பிறகு இல்லை. தண்டை என்ன ஆனதோ. அந்த வருஷம் நம் வட்டாரத்தில் மழை எப்படி, பசி எப்படி என்று எந்த வரலாற்றுப் புத்தகத்தில் போய்த் தேடுவேன்? அந்தப் பக்கம் சொல்கிறது. அதைவிட மனசு வலித்தது, ஓர் அலுவலகத்தின் பின்புறம் சாக்குச் சாக்காகக் கட்டி மழையில் போட்டிருந்த பழைய பதிவேடுகள். நான் போய்ச் சேர்வதற்குள் கூழாகியிருந்தன.

மாகாணி, காணி, முந்திரி என்று பழைய பின்னக் கணக்குக்கு எழுதிய குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பது தாண்டிவிட்டது. அவர்கள் போனால் நம் தாத்தாவின் கணக்கை வாசிக்க நமக்கே ஒரு ராலின்சன் வேண்டும். ஈரானின் பெஹிஸ்துன் மலையில் உயிரைப் பணயம் வைத்துத் தொங்கி, பாரசீக அரசர் டாரியஸ் வெட்டிய மும்மொழிக் கல்வெட்டைப் படியெடுத்து ஆப்பெழுத்தைப் படிக்க வழி செய்தாரே, அந்த ராலின்சன். நமக்கு மலை ஏறும் வேலை இல்லை. பரண் ஏறினால் போதும். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணைக் கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று நிறுத்துப் போடுவது நமக்குத் தகுமா?

எழுத்து யார் கையில் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்வதாக இருந்தேன். நேரம் ஆகிவிட்டது, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அது பெரிய பேச்சு, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம். இப்போது என் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

நகர்மன்றத் தலைவர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். பூசிக் கொடுத்த அந்த மேற்கு அறையில், பூட்டுப் போட்ட இரண்டு இரும்பு அலமாரியும் ஒரு மின்விசிறியும் வாங்கித் தாருங்கள். ஊர் ஆவணங்களுக்கென்று அந்த அறையை ஒதுக்க நூலகர் இசைந்திருக்கிறார். வர்த்தகர் சங்கத்தார் தங்கள் கடைகளின் ஐம்பது ஆண்டுக்கு முந்திய பேரேடுகளை முதலில் கொடுத்து வழிகாட்ட வேண்டும். கொடுக்க மனமில்லாதவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு நாள் தந்தால் போதும். கடன் வாங்கியவர் பெயர் வெளியே தெரிந்தால் அவர் பிள்ளைகளுக்குச் சங்கடம் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். குடும்பத்தார் ஒப்புதல் இல்லாமல் பெயரோடு எதையும் வெளியில் காட்டுவதில்லை என்று வாசகர் வட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுச் செல்போன் போதும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாக, ஓரம் வெட்டாமல் எடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் தாளைக் கெடுக்கும். ஓலை முறுகியிருந்தால் வளைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அப்படியே துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். எண்ணெய் தடவுவது, துடைப்பது எல்லாம் தெரிந்தவர் வந்து செய்யட்டும். தாத்தா பாட்டிக்கு மாகாணி, முந்திரி தெரியுமென்றால் அவர்களைப் படிக்கச் சொல்லி உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். தலைமையாசிரியை அம்மா இதைத் தமிழ்ப் பாடச் செயல்திட்டமாக ஏற்க முன்வந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். (கைதட்டல்)

வாசலில் நூலகர் மேசை மேல் ஒரு பதிவேடு விரித்து வைத்திருக்கிறார். பெயர், தெரு, வீட்டில் என்ன இருக்கிறது, எந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், வாசகர் வட்டத் தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். தை பிறப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிடும். காப்பி சாப்பிடப் போகும்முன் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.